காலையில் மட்டும் மக்கர் பண்ணும் டீசல் வண்டி: கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி விடியலில் டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஊரில் பழியை முதலில் பனிமேல் போட்டுவிடுவோம். ஆனால் மதுரையில் டிசம்பர், ஜனவரி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரி பக்கம்தான் இருக்கும். ஆரோக்கியமான டீசல் இன்ஜினுக்கு அது குளிரே கிடையாது. ஆகவே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சமவெளியில் எங்கே இருந்தாலும், காலையில் மட்டும் சண்டித்தனம் செய்யும் வண்டியில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, அல்லது கசிகிறது, அல்லது சக்தி இழந்திருக்கிறது. பனிமேல் பழியைப் போட்டு நாளைக் கடத்தினால், அந்தச் சின்னக் கோளாறு செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ராத்திரி முழுக்க நின்றதில் வண்டிக்குள் என்ன மாறியது? மூன்று விஷயம் மாறும். பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் இறங்கும். பைப்பில் எங்காவது ஓட்டை இருந்தால் டீசல் மெதுவாக டேங்குக்கே திரும்பி வடியும். இன்ஜினின் இரும்பு ஆறிப்போகும். கோளாறு ஏறக்குறைய எப்போதுமே இந்த மூன்றில் ஒன்றோடு தொடர்புள்ளதாகத்தான் இருக்கும். எது என்று கண்டுபிடிக்காமல் பார்ட்ஸ் மாற்ற ஆரம்பித்தால் பணம் தண்ணீராய்ப் போகும். சோதித்துப் பார்க்க அவ்வளவு செலவில்லை, அதிகாலைப் பொறுமை இருந்தால் போதும்.

டீசல் இன்ஜினுக்கு என்ன வேண்டும்

பெட்ரோல் இன்ஜின்போல இதில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தும்போது அந்தக் காற்று 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. அதில் டீசல் புகைபோலத் தூவப்பட்டதும் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆக, வேண்டியது மூன்று: இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று போதிய அளவு சூடாக வேண்டும், டீசல் சரியான அழுத்தத்தில் வந்து சேர வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அழுத்தப்படும் காற்று பிஸ்டன் ரிங் இடுக்கில் கசியவும், தன் சூட்டைச் சிலிண்டர் சுவருக்குக் கொடுக்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் டீசல் வண்டியில் பேட்டரி கொஞ்சம் தளர்ந்தாலும், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போனது போலவே தெரியும்.

முதல் காலை: எதையும் தொடாதீர்கள், கவனியுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, வெளிச்சம் இருக்கும்போது ஒருவர் சாவி போட, இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். கவனிக்க வேண்டியது செல்ஃப் சுற்றும் வேகத்தையும் புகையையும்.

உசிலம்பட்டிப் பக்கம் பூ லோடு அடிக்கும் ஒரு பழைய குட்டி யானையை அதன் ஓட்டுநர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மல்லிகை வண்டி. விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்காவிட்டால் விலை இறங்கிவிடும். பட்டறையில் இருந்த மூத்த மெக்கானிக் வண்டியில் கையே வைக்கவில்லை.

"தம்பி, செல்ஃப் அடிக்கிறப்போ புகை வருதா?"

"கவனிக்கலண்ணே. ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்ப வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல புகையப் பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்."

மறுநாள் காலை செல்ஃப் நன்றாகச் சுற்றியது, சைலன்சரில் துளிப் புகை இல்லை. ஹீட்டர் மாற்றச் சொல்லி வந்த வண்டிக்கு, ஃபில்டர் தலையில் இருந்த ரப்பர் வளையம் ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது.

புகை சொல்லும் கணக்கு இது. செல்ஃப் வேகமாகச் சுற்றியும் புகையே இல்லை என்றால், டீசல் சிலிண்டருக்குள் போகவே இல்லை. ஏர் லாக் (டீசல் லைனில் காற்று சிக்குவது), அடைத்த ஃபில்டர், சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின்சார வால்வு), சென்சார் பக்கம் போங்கள். வெள்ளைப் புகை குமுகுமு என்று வந்து கண் எரிந்தால், டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு), டைமிங் (டீசல் தூவப்படும் நேரம்) பக்கம் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது.

செல்ஃப் 'ம்ம்... ம்ம்...' என்று இழுத்தாலோ, 'டிக்' சத்தத்தோடு நின்றாலோ புகையைப் பார்க்கவே வேண்டாம், நேரே பேட்டரிக்கு வந்துவிடுங்கள். டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. வேறு சாவி போட்டுப் பாருங்கள்.

ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு அடுத்த முறை. இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் வைண்டிங்கும் கருகிவிடும்.

பேட்டரியும் எர்த்தும்

பேட்டரியைக் கெடுப்பது நம் சித்திரை வெயில், காட்டிக்கொடுப்பது மார்கழி. 40 டிகிரி வெயிலில் நின்று, பானட்டுக்குள் அதைவிடச் சூடாக வெந்து, உள்ளே தண்ணீர் வற்றித் தகடுகள் கெட்டுப்போகின்றன. ஆனால் வெயில் காலத்தில் இன்ஜின் ஆயில் இளகி இருப்பதால் தளர்ந்த பேட்டரியும் எப்படியோ சுற்றிவிடும். ஆயில் கொஞ்சம் கெட்டியாகும் விடியலில்தான் அதன் பலவீனம் தெரியும்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பேசலாம். அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுக்கிறது. இரண்டில் எது என்று தெரிய, நல்ல பேட்டரி உள்ள வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் கொடுங்கள். சர்ரென்று சுற்றினால் பேட்டரிதான். அப்போதும் இழுத்தால் செல்ஃப் மோட்டார் அல்லது எர்த் வயர் (பேட்டரி நெகடிவை இன்ஜினோடும் சேஸிஸோடும் இணைப்பது). வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது.

பேட்டரி மாற்றுவதற்கு முன் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும் கிளாம்ப்பின் உள்பக்கம் வெள்ளையாக, பச்சையாகப் பூத்துக் கிடக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கிவிட்டு வாசலின் தடவுங்கள். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் மறக்காதீர்கள். பழைய வண்டிகளில் அது பாதி இழை அறுந்து தொங்கும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

டீசல் லைனில் காற்று

நம் பக்கத்தில் காலை மக்கருக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சித்தான் பல வண்டிகளில் பம்ப் எடுத்துக்கொள்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் ஓடும்போது வெளியே ஒரு சொட்டு டீசல்கூட வராது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி நிற்கும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கு வடிந்துவிடும். காலையில் பம்ப்புக்குக் காற்றைத்தான் உறிஞ்ச முடியும். அதனால்தான் கசிவே தெரியாத வண்டியிலும் ஏர் லாக் வருகிறது.

இதை உறுதிப்படுத்தக் காசு செலவில்லாத இரண்டு வழி உண்டு. ஒன்று, காலையில் சாவி போடுவதற்கு முன் ஃபில்டர் பக்கம் உள்ள ஹேண்ட் பம்ப்பை அல்லது ரப்பர் பல்பை அழுத்துங்கள். முதல் சில அழுத்தம் காற்றடிப்பதுபோல லேசாகப் போய், பிறகு கெட்டியானால் உள்ளே காற்று இருந்திருக்கிறது. கெட்டியானதும் செல்ஃப் அடியுங்கள். உடனே பற்றினால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, டேங்க் பின்னால் உள்ள வண்டி என்றால், ஒரு ராத்திரி சரிவான இடத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்துங்கள், மறு ராத்திரி மூக்கு மேலே பார்க்க. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிடுங்கள். மூக்கு கீழே இருந்த காலையில் சுகமாக ஸ்டார்ட் ஆகி, மற்ற நாள் தகராறு செய்தால் டீசல் பின்னோக்கி வடிகிறது என்று அர்த்தம்.

அடுத்து ஓட்டையைத் தேட வேண்டும். டேங்க் முதல் ஃபில்டர் வரை, ஃபில்டர் முதல் பம்ப் வரை ரப்பர் பைப்பைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெயிலில் வெந்த ரப்பர் கிளிப்புக்குப் பக்கத்தில்தான் மயிரிழை போல வெடித்திருக்கும். செம்மண் புழுதி படிந்த பைப்பில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புழுதி கறுத்து ஈரமாக ஒட்டியிருந்தால் அங்கே விரலை வையுங்கள், பெரும்பாலும் அதுதான் இடம். ஃபில்டர் தலையின் ரப்பர் வளையம், ஹேண்ட் பம்ப்பின் அடிப்பாகம், அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் திருகு, செம்பு வாஷர் போட்ட போல்ட்டுகள், டீசலைத் தூவும் இன்ஜெக்டர் மேலே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் பைப் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் பைப்) இவற்றையும் பார்க்க வேண்டும். ஃபில்டர் மாற்றிய மறுநாளே தொல்லை ஆரம்பித்தால் வளையம் முறுக்கிக்கொண்டதா, பழைய வளையத்தையே போட்டார்களா என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில், டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஒரு துண்டு பைப்பைத் தற்காலிகமாக மாட்டுங்கள். வண்டி ஓடும்போது அதில் முத்து முத்தாகக் குமிழ் ஓடினால் ஓட்டை அதற்கு முந்தைய பகுதியில். சோதனை முடிந்ததும் அந்தப் பைப்பைக் கழற்றிவிட்டு ஒரிஜினலை மாட்டிவிட வேண்டும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஏர் எடுக்கும் முறை எளிது. ஃபில்டர் மேலே உள்ள ஏர் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும். குமிழ் இல்லாமல் தெளிவாக டீசல் வழியும்போது அடிப்பதை நிறுத்தாமலே திருகை முறுக்குங்கள். பம்ப்பில் ஏர் திருகு இருந்தால் அங்கேயும் அப்படியே. அதன் பிறகும் வரவில்லை என்றால் இன்ஜெக்டர் பக்கத்து நட்டை ஒரு சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் முறுக்குவார்கள்.

இந்தக் கடைசி வேலையை காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த லைனில் 1,600 பார் வரையும் அதற்கு மேலும் அழுத்தம் ஏறும். மயிரிழை போலப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காமன் ரெயிலில் ஹேண்ட் பம்ப் இருந்தால் அதை அடியுங்கள். டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி என்றால் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து, சில விநாடி விட்டு ஆஃப் செய்து, இப்படி நான்கைந்து முறை. பின் சீட்டுப் பக்கம் காது வைத்தால் பம்ப் ஓடும் 'ர்ர்ர்' சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப்.

ஃபில்டரும் தண்ணீரும்: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஃபில்டர் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக்கோடாகப் பிரிந்து நிற்கும். கொஞ்சம் என்றால் வடித்துவிடலாம். நிறைய வந்தால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் ஓட்டாதீர்கள், பம்ப்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்துவிடும். புது ஃபில்டர் மாட்டும்போது கேனில் உள்ள டீசலை நடு ஓட்டையில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான ஃபில்டரில் அது வடிகட்டிய சுத்தமான பக்கம்; அதில் விழும் தூசி நேரே பம்ப்புக்குப் போகும்.

பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில் பம்ப் தலையில் ஒற்றை வயரோடு ஒரு சோலனாய்டு இருக்கும். சாவியை ஆன், ஆஃப் செய்யும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அந்த வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வயர் கழன்று கிடந்ததற்கு பம்ப்பையே இறக்கி, நாசில் கடைக்கு (பம்ப், இன்ஜெக்டர் பழுது பார்க்கும் கடை) அனுப்பியவர்களும் உண்டு.

ஹீட்டர் பிளக்

வெள்ளைப் புகை வந்தால் இங்கே வாருங்கள். எல்லா வண்டிக்கும் ஹீட்டர் ஒரே அளவு முக்கியம் அல்ல. அம்பாசடர் டீசல், இண்டிகா, 702 சிசி குட்டி யானை போன்றவற்றில் டீசல் முதலில் தனி அறை ஒன்றில் பற்றுகிறது. அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் மதுரை வெயிலிலும் காலையில் ஹீட்டர் வேண்டும். நேரடியாகச் சிலிண்டருக்குள் தூவும் பிந்தைய இன்ஜின்கள் 20 டிகிரியில் ஹீட்டர் இல்லாமலே ஸ்டார்ட் ஆக வேண்டும். அதனால் அப்படிப்பட்ட வண்டி மதுரையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஹீட்டரை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் சோதனை: சாவி போட்டு, டேஷ்போர்டில் சுருள் வடிவ ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி இரண்டு மூன்று முறை சூடாக்கிய பிறகு ஸ்டார்ட் சுகமானால் ஒன்றிரண்டு பிளக் போயிருக்கலாம். நான்கில் ஒன்று போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் முதல் அரை நிமிடம் மூன்று காலில் நடப்பதுபோல ஆடிக்கொண்டு வெள்ளைப் புகை விடும்.

மீட்டர் சோதனைக்கு, பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். பிளக் தலைக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவில் அரை முதல் 2 ஓம் வரை இருந்தால் பெரும்பாலும் நல்லது. மீட்டர் வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓப்பன் என்று காட்டினால் பிளக் அவுட். எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தால் ரிலேயிலிருந்து பட்டைக்கு வோல்ட் வருகிறதா பாருங்கள். இதைக் காலையில்தான் பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில் இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பல வண்டிகளில் ஹீட்டருக்குக் கரன்ட்டே அனுப்பாது. அதைப் பார்த்து ரிலே போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிளக்கை வெளியே எடுத்து பேட்டரியில் வைத்துப் பழுக்கவிட்டுப் பார்ப்பது பழைய 12 வோல்ட் பிளக்குகளுக்குச் சரி. புது வண்டிகளில் 5 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகள் வருகின்றன. நேரடியாக 12 கொடுத்தால் நல்ல பிளக்கும் எரிந்துவிடும். மேலே அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும், முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெய் விடுங்கள், கொஞ்சம் தளர்த்திக் கொஞ்சம் முறுக்கி மெதுவாக எடுங்கள். மல்லுக்கட்டினால் பிளக் உள்ளே முறிந்து இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரும். முறுக்கும் அளவும் சிறியது, டார்க் ஸ்பேனர் இல்லாமல் போடாதீர்கள்.

ஸ்கேனர் போட்டால் எதைப் பார்ப்பது

காமன் ரெயில் வண்டிக்கு ஸ்கேனர் நல்ல துணை, ஆனால் அது காட்டும் கோளாறு எண்ணை (எரர் கோட்) மட்டும் படித்தால் போதாது. காலையில் சாவி ஆன் செய்ததும் கூலன்ட் வெப்பம், உள்ளே வரும் காற்றின் வெப்பம் இரண்டையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் வெளி வெப்பத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். விடியல் 22 டிகிரியில் கூலன்ட் 70 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி ஈசியு ஹீட்டரையும் கூடுதல் டீசலையும் கொடுக்காது.

அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் ஆர்பிஎம்மும் ரெயில் அழுத்தமும். ஆர்பிஎம் 0 என்றே நின்றால் இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். 200 பக்கம் இருந்தால் நல்லது. ரெயில் அழுத்தம் பொதுவாக 200 பாரைத் தாண்டாமல் ஈசியு இன்ஜெக்டரைத் திறக்காது. அழுத்தம் மெல்ல ஏறி நீண்ட நேரம் கழித்துப் பற்றினால் ஏர் லாக், தேய்ந்த பம்ப், அல்லது இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் டீசல்) அதிகம். ரிட்டர்ன் கோளாறு பெரும்பாலும் சூடான இன்ஜினில், டீசல் இளகி இருக்கும்போதுதான் முதலில் தலைகாட்டும். டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, காலையில் சரியாக இருக்கிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். நல்ல நாசில் கடையில் நான்கு இன்ஜெக்டருக்கும் தனித்தனிப் பாட்டில் மாட்டி ரிட்டர்ன் அளப்பார்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் நிரம்பினால் அதுதான் ஆள். நான்கையும் மாற்றச் சொன்னால், பாட்டிலை நீங்களே பார்க்கக் கேளுங்கள்.

கம்ப்ரஷன்

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் செலவுதான். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை, நீண்ட செல்ஃப், ஆயில் குறைதல், ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபு என்று காற்று தள்ளுதல் எல்லாம் சேர்ந்து இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் போடுங்கள். டீசலுக்கு உள்ள கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜ் தாங்காது. பல இன்ஜின்களில் 400 பிஎஸ்ஐ பக்கம் இருக்கும். 300க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தாலோ ரிங் அல்லது வால்வு வேலை. டேப்பெட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வசதி) உள்ள இன்ஜினில் முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். டைட்டாக இருக்கும் வால்வு முழுதாக மூடாமலும் கம்ப்ரஷன் குறையும்.

செய்யவே கூடாதவை

ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவது, ஈத்தர் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் ஹீட்டர் உள்ள வண்டியில் ஆபத்து. பழுத்த ஹீட்டரில் பட்டு முன்கூட்டியே வெடித்தால் பிஸ்டன் உடையும், முகம் கருகும். சம்ப்புக்கு (இன்ஜின் ஆயில் தொட்டி) அடியில் தீப்பந்தம் பிடிப்பதும் அப்படித்தான். டைமிங் பெல்ட் வைத்த வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தால், பழைய பெல்ட் ஒரு பல் தாவி வால்வு வளைய வாய்ப்பு உண்டு.

கொடைக்கானல் போகும் வண்டிகள்

உண்மையான குளிர்ச் சோதனை நமக்கு அங்கேதான். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். குளிர்கால ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதோடு அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறைவதால் கம்ப்ரஷன் அழுத்தமும் குறைகிறது. மதுரையில் எப்படியோ தப்பித்து ஓடிய தளர்ந்த பேட்டரியும் போன ஹீட்டரும் அங்கே கூட்டுச் சேர்ந்து கைவிட்டுவிடும்.

மார்கழி, தையில் வத்தலக்குண்டு தாண்டி மலையேறுவதற்கு முந்தின வாரம் பேட்டரியை லோடு டெஸ்ட் செய்யுங்கள், ஹீட்டரை மீட்டரில் பாருங்கள். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தால் மாற்றுங்கள். ஆயில் கையேட்டில் உள்ள கிரேடுதான் போட வேண்டும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் சைலன்சர் ஃபில்டர்) உள்ள பிஎஸ்-6 வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் என்று எழுதியிருக்கும், அதை விட்டு மலிவானதை ஊற்றாதீர்கள்.

மேலே காலையில் நின்றுவிட்டால் விளக்கு, ஃபேன், ஏசி, பாட்டு எல்லாம் ஆஃப். ஹேண்ட் பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். ஹீட்டரை மூன்று முறை சூடாக்குங்கள். கிளட்சை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். கியர்பாக்ஸில் குளிர்ந்து கிடக்கும் ஆயிலைச் சுற்றும் சுமை செல்ஃபுக்குக் குறையும். பற்றியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிடாதீர்கள். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர அரை நிமிடம் ஐடிலில் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள்.